ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்கலாம்

"முடி வெட்டுறவன் பேசாம முடி வெட்டினா என்ன அர்த்தம்?"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போதகர் தன் மனைவியிடம் கேட்ட கேள்வி இதுதான். மாடிப் பொண்ணு அப்போது சமையலறை மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்ல முடியாததால் தலையைக் குனிந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"தொண்டை கட்டியிருக்கும்," என்றார் போதகரம்மா.

"தொண்டை கட்டினவன் பக்கத்து நாற்காலிக்காரன்கிட்ட கால்பந்தைப் பத்தி அந்தக் கத்து கத்துவானா? என் தலைக்கு வந்தா மட்டும் கத்திரிச் சத்தம்தான். கண்ணாடியில என் மூஞ்சைக்கூடப் பார்க்கல. எத்தனை வருஷமா அவன்கிட்ட தலையைக் குடுக்கிறேன்!"

"சரி, காது ரெண்டும் இருக்கில்ல? அதுக்கு நன்றி சொல்லுங்க."

போதகர் சிரிக்கவில்லை. வெட்டிய முடி ஒட்டிய கழுத்தைத் தடவிக்கொண்டே தன் படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் பகலில் கதவு சாத்துகிற வழக்கம் கிடையாது.

மாடிப் பொண்ணு என்பது சபையில் அவளுக்கு வைத்த பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, சூடு ஆறுவதற்குள் நாலாக மடித்து அடுக்க வேண்டும். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் ஒரு பெட்டியோடு பாப்டிஸ்ட் சபையின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளை, ஆராதனை முடிந்ததும் போதகரம்மா பெட்டியோடு சேர்த்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். போதகர் வீட்டு மாடியறையில் அன்றைக்குப் படுத்தவள்தான். இப்போது அந்த வீட்டின் எந்தப் படி கிறீச்சிடும், எந்தக் குழாயை இரண்டு சுற்று அதிகம் திருக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போதகருக்குப் பயம் வந்ததில் நியாயம் இருந்தது. பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பிஷப் கிடையாது, மேலிடம் கிடையாது. எல்லாம் அங்கத்தினர்கள் கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்வதுதான். கூரை ஒழுகினாலும் கை தூக்கல், பியானோ வாங்கினாலும் கை தூக்கல். போதகரை அழைப்பதும் அப்படித்தான், அனுப்புவதும் அப்படித்தான். கூட்டத்தை எப்போதும் போதகரே நடத்துவார். பேச்சு அவரைப் பற்றியே இருந்தால் மட்டும் அவர் இல்லாமல் கூடுவார்கள். இதற்கு முன்னால் இருந்த போதகரை அப்படிக் கூடித்தான் அனுப்பினார்கள். அந்த மனிதர் சபை கொடுத்த வீட்டின் சாவியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போன கதையைச் சபையில் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

போன வாரம் இவர் இல்லாமல் கூடியிருந்தார்கள். அது இவர் காதுக்கும் எட்டிவிட்டது.

கூட்டியவர் முடிதிருத்துகிறவர். அவர்தான் சபைச் செயலாளர். ஆனால் நடந்தது வேறு. போதகரும் அம்மாவும் இந்தச் சபைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு நாள்கூட நாம் அவர்களைக் கௌரவித்ததில்லை, வருகிற ஞாயிறு ஆராதனை முடிவில் சொல்லாமல் கொள்ளாமல் விழா எடுப்போம் என்று அவர் எழுந்து சொன்னதும் கூடமே ஆர்ப்பரித்தது. உயிருள்ளவரை இவரே போதகர் என்று தீர்மானம். உட்கார்ந்தபடியே பிரசங்கிக்கக் கைப்பிடி வைத்த பெரிய மர நாற்காலி ஒன்று. வீட்டுக்குப் புது வண்ணம், புதுத் திரைச்சீலை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. மாடிப் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கி அங்கத்தினராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது அன்றைக்குத்தான். கையை உயர்த்திய உயரத்தில் தோள்பட்டை வலித்தது.

"வாயைத் திறந்தவங்க யாராவது இருந்தா," என்று முடிதிருத்துகிறவர் கத்திரியைப் போல இரண்டு விரலை ஆட்டினார், "அடுத்த தடவை கடைக்கு வரும்போது காதைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. மாடிப் பொண்ணே, முக்கியமா நீ. நீ அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கே."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன் அண்ணா."

அந்தச் சத்தியம்தான் இப்போது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

சபையாருக்கு ரகசியம் காக்கத் தெரியவில்லை. போதகரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ரொட்டிக்கடைக்காரி அவர் உள்ளே வந்ததும் அடுப்பைப் பார்க்கப் போவதாகப் பின்பக்கம் ஓடினாள். முடிதிருத்துகிறவர் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா பார்க்க வந்தேன் என்று அளவு நாடாவோடு வந்து, சுவரை விட்டுவிட்டுச் சன்னல்களை அளந்துகொண்டு போனார். போதகர் படிப்பறைக் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்தார்.

"அடுத்து வர்றவருக்கு அளவெடுக்கிறாங்க," என்றார் அன்றிரவு சாப்பாட்டு மேசையில். கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்கிற தொனியில். சூப்பில் கரண்டியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

மாடிப் பொண்ணு அறைக்குப் போய் ஊரிலிருக்கும் அக்காவுக்குக் குரல் பதிவில் எல்லாவற்றையும் கொட்டினாள். உடனே பதில் வந்தது.

"அடியே, உனக்கு மூளை இருக்கா? குடியிருக்கிறது அவங்க வீட்டுல, திங்கிறது அவங்க சாப்பாடு. அந்த மனுஷன் தேய்ஞ்சு போறார்ங்கிறே, நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே? போய்ச் சொல்லித் தொலை!"

அதே பதிவில், பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "சொல்லாதே! சபையில குடுத்த வாக்கு. போன இடத்துல கெட்ட பேர் வாங்காதே!"

"நீ சும்மா இரும்மா."

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? பெத்தவ நான்."

பதிவின் மிச்சம் முழுக்க அவர்கள் இரண்டு பேரின் சண்டைதான்.

மறுநாள் வேலை முடிந்து நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனாள். முடிதிருத்துகிறவர் யாருக்கோ தாடியில் நுரை தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஐயா தப்பா நினைச்சுக்கிட்டிருக்கார். அவரை அனுப்பப் போறீங்கன்னு நம்புறார். சாப்பிடவே மாட்டேங்கிறார்."

முடிதிருத்துகிறவர் தூரிகையை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "நிஜமாவா? அப்படியா நினைக்கிறார்?"

"ஆமாண்ணா. பாவமா இருக்கு."

"அட, பிரமாதம்! அப்ப ஞாயித்துக்கிழமை அவர் மூஞ்சி எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு! நாலு நாள்ல செத்துற மாட்டார் பொண்ணு. என்னைத் தண்ணில முக்கி எடுத்த மனுஷன். எனக்கு இல்லாத பாசமா உனக்கு?" நுரைக்குள் இருந்த முகமும் சேர்ந்து சிரித்தது.

அவர் சொன்னதும் பொய்யில்லை. பாசம்தான். அவ்வளவு பாசத்தோடு ஒருவர் சிரிக்கும்போது எதிரே நின்று அழவும் முடியவில்லை. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை போதகரம்மாவும் அவளும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரிப்பின் இரண்டு நுனி அவரிடம், இரண்டு நுனி இவளிடம். இழுத்து உதறி, நெருங்கி வந்து, நுனிகளைச் சேர்க்கும் நேரத்தில் அவர் கேட்டார்.

"அந்தக் கூட்டத்துக்கு நீ போயிருந்தியா கண்ணு?"

"போயிருந்தேம்மா."

"கை தூக்கச் சொன்னாங்களா?"

"ம்."

"தூக்கினியா?"

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொங்கியது. பொய் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "தூக்கினேம்மா."

போதகரம்மா இவள் கையிலிருந்த நுனிகளை வாங்கிக்கொண்டார், தட்டி மடித்தார், அடுக்கின் மேல் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய் அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். எப்போதும் போல இரண்டு கரண்டி சர்க்கரை. திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. போதகர் மயானத்தில் ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். அம்மா முழங்காலிட்டுப் பீங்கான் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"நாளைக்குப் பிரசங்கம் முடிஞ்சதும் அவரே சொல்லிடறாராம். போகச் சொல்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? மானத்தோட போயிடலாம்ங்கிறார். நீ கவலைப்படாதே, ரொட்டிக்கடைக்கு மேல ஒரு அறை காலியா இருக்கு. உனக்காகக் கேட்டு வச்சிருக்கேன்."

அதோடு உடைந்துவிட்டாள் மாடிப் பொண்ணு. தங்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று நினைத்துக்கொண்டே இவளுக்கு அறை தேடியிருக்கிறாரே இந்த அம்மா! காது போனால் போகட்டும் என்று தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விழா, நாற்காலி, திரைச்சீலை, உயிருள்ளவரை என்ற தீர்மானம், தோள் வலிக்கத் தூக்கிய கை.

போதகரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட மண்டூகங்களா," என்று கண்ணைத் துடைத்தார். "திரைச்சீலைக்கா அளந்தான் அவன்!"

"ஐயா வந்ததும் சொல்லிடலாம்மா."

சிரிப்பு நின்றது. அம்மா கையிலிருந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"அம்மா?"

"உனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு, தண்ணிக்குள்ள என்ன நடந்துச்சு? உள்ளதைச் சொல்லு."

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். போதகரின் ஒரு கை அவள் முதுகில், ஒரு கை கட்டிய அவள் கைகளின் மேல். பின்பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் முகத்தை மூடியது. உடனே தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. முதுகிலிருந்த கை நடுங்கி, நழுவி, இல்லாமலே போனது. இதுவும் சடங்கில் சேர்த்திதான் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் காலை ஊன்றித் தானே எழுந்தாள். எழுந்தபோது அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபை பாடத் தொடங்கியது.

"அவர் உன்னைத் தூக்கல," என்றார் அம்மா. "நீதான் அவரைத் தூக்கினே. துண்டோட படியில நின்ன எனக்கு மட்டும்தான் அது தெரிஞ்சது. டாக்டர் எப்பவோ சொல்லிட்டார், எல்லாத்தையும் விட்டுட்டு உட்காருங்கன்னு. உட்கார்ற ஆளா அவர்? யாருக்காவது மூச்சு முட்டுதுன்னு போன் வந்தா, இவர் மூச்சு வாங்கிக்கிட்டு ஓடறார். நான் கெஞ்சிப் பார்த்தாச்சு, சண்டை போட்டாச்சு, பேசாம இருந்தும் பார்த்தாச்சு. ஓய்வுன்னு சொன்னா விட மாட்டார் கண்ணு. ரோஷத்துல விடறார். விடட்டுமே."

"ஆனா அவருக்கு எவ்வளவு வலிக்குது..."

"தெரியும். பாவம்தான். நான் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" தட்டின் விளிம்பை விரலால் தடவினார். "என் தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ரெண்டு அறை பார்த்து வச்சிருக்கேன். அங்க ஒரு சின்னச் சபை இருக்கு. பின்னாடி பெஞ்சுல போய் உட்காரலாம், ரெண்டு பேரும். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆராதனையில அவர் பக்கத்துல நான் உட்கார்ந்ததே கிடையாது. அவர் மேல, நான் கீழ. பாட்டுப் புஸ்தகத்தைப் பகிர்ந்துக்கிட்டுப் பாடறதாமே, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மாடிப் பொண்ணு தரையில் கிடந்த செய்தித்தாள்களைச் சேர்த்து அடுக்கினாள்.

"நாளைக்கு முதல்ல அவர் சொல்லிடுவார். அப்புறம் நாற்காலியைக் கொண்டாந்தாலும் சரி, சிம்மாசனத்தைக் கொண்டாந்தாலும் சரி. பிரசங்க மேடையில சொன்ன வார்த்தையை அவர் திருப்பி எடுக்கிறவர் இல்ல. இந்த ஒரு தடவை எனக்காக வாயை மூடிக்கோ."

சபைக்கு ஒரு சத்தியம், அம்மாவுக்கு ஒரு சத்தியம். இரண்டும் ஒரே மௌனத்தில் அடங்கின. அவள் ஒரு செய்தித்தாளை எடுத்து அடுத்த தட்டைச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. போதகர் மேடையிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துக்கொண்டார். தன்னை அனுப்பி வைக்க இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அவர் எண்ணியது அவளுக்குத் தெரிந்தது. பிரசங்கம் வழக்கத்தைவிடச் சின்னது. முடித்துவிட்டு வேதபுத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் அருமைச் சபையே. நீங்க கூப்பிட்டீங்க, வந்தோம். எங்களால ஆனதைச் செஞ்சோம். இந்த மாசத்தோட நானும் என் மனைவியும் விலகிக்கிறோம். யார் மேலயும் எனக்கு வருத்தம் இல்ல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

பின் கதவருகே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்ற நாலு பேரும் அப்படியே நின்றார்கள். பியானோக்காரி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். முடிதிருத்துகிறவர்தான் முதலில் சுதாரித்தார். நடைபாதையில் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஐயா! ஐயா, என்ன பேசறீங்க? அடப் பாவி மனுஷா, நாங்க உங்களுக்கு விழா எடுக்கிறோம்! நாற்காலியைக் கொண்டாங்கப்பா, பொணம் மாதிரி நிக்காம!"

நாற்காலி வந்தது. மலர்க்கொத்து வந்தது. அம்மாவுக்கு ஒரு தேநீர்க் குவளைத் தொகுப்பு வந்தது. தீர்மானத்தை முடிதிருத்துகிறவர் தொண்டை கிழிய வாசித்தார். போதகருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"ஆனா... நான் சொல்லிட்டேனே," என்றார். "மேடையில நின்னு சொன்னது. அதை எப்படி..."

மாடிப் பொண்ணு முன்வரிசையில் அம்மாவின் பின்தலையைப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நீங்க சொன்னா ஆச்சா?" முடிதிருத்துகிறவர் சபையைப் பார்த்துக் கண்ணடித்தார். "நம்ம சபையில போதகர் தானா வரவும் முடியாது, தானா போகவும் முடியாது. சபை கூப்பிட்டது, சபைதான் விடணும். முறைப்படியே கேட்டுடுவோம். ஐயாவோட விலகலை ஏத்துக்கிறவங்க கையைத் தூக்கலாம்!"

கூடம் சிரித்தது. எல்லாரும் வேண்டுமென்றே கைகளை மடிக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார் முடிதிருத்துகிறவர்.

"ஒண்ணும் வேணாம்," என்றார் போதகரம்மா. "எண்ணிக்கோ."

பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அம்மாவின் குறும்பு ஊரறிந்தது. ரொட்டிக்கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். போதகரும் கண்ணீரோடு சிரித்தார். உயர்ந்த கை இறங்கவில்லை.

அந்தக் கை தனியாக நிற்பதை மாடிப் பொண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தக் கை ஜெயித்தால் தனக்கு வீடு போய்விடும், அம்மா போய்விடுவார், இந்த நாட்டில் தனக்கென்று இருக்கிற ஒரே சமையலறை போய்விடும். தெரிந்தேதான் தன் கையையும் தூக்கினாள்.

"அட, ரெண்டாவது ஓட்டு! மாடிப் பொண்ணும் கட்சி மாறிடுச்சு!" முடிதிருத்துகிறவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மாவும் பொண்ணும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்காங்க! எதிர்க்கிறவங்க?"

கைகள் காடாக எழுந்தன.

"ஐயாவோட விலகல் நிராகரிக்கப்பட்டது! உயிருள்ளவரை! அடுத்த மாசம் ஞானஸ்நானத்துக்கு ஒரு பட்டாளமே காத்திருக்குதுங்க ஐயா, தெம்பாச் சாப்பிடுங்க!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. போதகரம்மா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிறகு தானும் தட்டினார்.

மத்தியானம் வீட்டில் போதகர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கூடத்தில் நடந்தார், நின்றார், சிரித்தார். பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"நீ நல்லா விளையாடினே போ இன்னைக்கு. எண்ணிக்கோங்கிறா! அவன் முழிச்ச முழியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றார் அம்மா.

"நீயும்தான் பொண்ணு! சரியான ஜோடி." அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். அந்த முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல யாருக்கும் மனசு வராது. மாடிப் பொண்ணு அம்மாவைப் பார்த்தாள். அம்மா லேசாகத் தலையாட்டினார். வேண்டாம்.

தொலைபேசி அடித்தது. போதகர்தான் எடுத்தார். "எப்போலேர்ந்து? ...பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்." மேலங்கியை எடுத்துக்கொண்டே, "மேட்டுல பாதி வழியில இருக்கிற அந்த வீடுதான். சட்டுனு ஜெபம் பண்ணிட்டு வந்துடறேன்," என்றார்.

"குடையை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

கதவு சாத்திக்கொண்டது. சன்னல் வழியாகக் கொஞ்ச தூரம் தெரிந்தார். மேடு தொடங்கும் இடத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

"அடுத்த மாசம் தொட்டிக்குள்ள நீயும் இறங்கு," என்றார் போதகரம்மா. "துண்டு குடுக்கிற சாக்குல பக்கத்துலயே நில்லு."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"இடுப்பளவு தண்ணிதானே. அவரைப் பிடிச்சுக்கிட்டா போதும்." கடைசித் தட்டைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்து, சுருக்கம் நீவி, மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். காலிப் பெட்டியை மட்டும் எறியவில்லை. உள்ளறைக்குக் கொண்டுபோய்க் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.